பார்சல் லேபிள் ஒட்டிய பிணங்கள்

— அதனாலதான் சொல்றேன் மேகனா, முதல்ல பார்சல் படம். அதைப் பாக்காம நேரா கிணத்து மாமி படத்துக்குப் போயிடாதே. தாங்கமாட்டே.

— ஹௌதா, நிஜமாவா வத்ஸ்? அவ்ளோ பயமா?

— பயமா? மூணு நாள் கிணத்துப் பக்கமே போகமாட்டே.

— நம்ம வீட்டுல கிணறே இல்லையே.

— குழாய்ப் பக்கம்கூடப் போகமாட்டே, போறுமா? கேளு, கேளு. பழைய ஹாங்காங் பேய்ப் படத்துக்குன்னு ஒரு வரிசை இருக்கு. கான்டனீஸ்ல அவா பேசற வேகத்துக்கு நம்ம காது பழகணும். முதல்ல சிரிப்பு காட்டற பேய், அப்புறம் அழற பேய், கடைசியிலதான் கடிக்கற பேய். கல்யாணச் சாப்பாடு மாதிரி. எடுத்த உடனே ரசத்தைக் கேட்டா என்ன அர்த்தம்?

— சரி குருவே. பார்சல் படக் கதையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை லைப்ரரி ஹால்ல எப்படிச் சொல்லப் போறியோ, அப்படியே. கையைக் காலை ஆட்டி.

— நோட்டீஸ்லயே எழுதியிருக்கேனே. இருநூறு காப்பி அடிச்சாச்சு.

— நோட்டீஸ் யாருக்கு வேணும்? என்னைப் பெண் பாக்க வந்தப்போ சொன்னியே, அந்த மாதிரி சொல்லு. எங்கப்பா காபியை வேட்டியில கொட்டிட்டுச் சிரிச்சார். நீ போனதும், "மாப்பிள்ளை எப்படியோ, கதை நல்லாருக்கு"ன்னார்.

— எப்படியோன்னா சொன்னார்?

— நீ கதையைச் சொல்லு.

— பழைய காலத்துச் சைனா. ஒரு பார்சல் ஆபீஸ். வெளியூர்ல செத்துப் போனவாளைச் சொந்த ஊருக்கு அனுப்பற ஆபீஸ். அங்கே ஒரு கிளார்க். மஞ்சள் கோட்டு, கையில மணி. ஒவ்வொரு பொணத்தோட நெத்தியிலயும் மஞ்சளா ஒரு லேபிள் ஒட்டுவார். அனுப்புநர், பெறுநர், எடை.

— எடைகூடவா?

— எடை இல்லாம பார்சலா? எங்கப்பா இருபத்தாறு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸ், எனக்குத் தெரியாதா? லேபிள் இருக்கற வரைக்கும் பொணம் அசையாது. கிழிஞ்சதோ, போச்சு. எந்த ஊருக்குப் போறோம்னே தெரியாம திண்டாடும். அந்தக் கோபத்துலதான் கண்டவா மேல பாயறது.

— அது ஏன் தவ்வித் தவ்வி வருது?

— கயிறு கட்டியிருக்கு. பார்சலைக் கட்டாமயா அனுப்புவா?

— பொணம் பக்கத்துல வந்தா எல்லாரும் மூச்சை அடக்கிக்கறாங்களே?

— நாத்தம்! மூணு நாள் லேட் ஆன வண்டி. நீயா இருந்தா மூக்கைப் பொத்திக்கமாட்டியா?

— தரையெல்லாம் அரிசியைக் கொட்டறாங்களே, அது?

— அட்சதை. கடைசியில கிளார்க்கோட பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள எல்லாப் பார்சலும் போய்ச் சேரணும். அதான் கதையோட முடிச்சே. என்ன சிரிக்கறே? இன்னும் சிரிப்பு வர இடமே வரலையே.

— ஒண்ணுமில்லை. ஐயோ, வயிறு வலிக்குது. இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

— சிரிக்கற மாதிரி என்ன சொன்னேன்?

— வத்ஸ், ஞாயித்துக்கிழமைக்குன்னு ஒரு பென் டிரைவ் வந்ததே. நேத்து ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல போட்டுப் பாத்துட்டேன். இங்கிலீஷ் சப்டைட்டிலோட.

— ஆஹா! பாத்துட்டியா? எப்படி? கிளார்க் எப்படி?

— அதுல கிளார்க்கே இல்லை.

— இருப்பாரே. மஞ்சள் கோட்டு.

— அவர் மந்திரம் போடற பூசாரி. நெத்தியில ஒட்டறது மந்திரச் சீட்டு. பொணத்துக்குக் கை கால் விறைச்சுப் போயிருக்கு, மடக்க முடியாது, அதான் தவ்வுது. அதுக்குக் கண் தெரியாது. மூச்சை வெச்சுத்தான் ஆள் எங்கேன்னு கண்டுபிடிக்கும், அதான் எல்லாரும் அடக்கிக்கறாங்க. அரிசி விஷத்தை முறிக்கறதுக்கு. கல்யாணம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நீ முகூர்த்தம்னு எழுதியிருக்கியே, அங்கே சவப்பெட்டியைக் கொளுத்தறாங்க.

— வேற படமா இருக்கும்.

— அட்டைப் படத்தைப் பாத்து, இதேதான் இதேதான்னு குதிச்சது யாரு?

— சரி, கிணத்து மாமி?

— காலைல அதையும் தேடிப் பாத்துட்டேன். நீ சொல்ற மாதிரி அவ கிணத்துல குடம் விழுந்துடுச்சுன்னு தேடலை. அவளைத் தள்ளினவனைத் தேடறா.

— குடம் இல்லையா?

— ஒரு சொம்புகூட இல்லை.

— மேகனா, இருநூறு காப்பி! அறுபது பேர் வரேன்னு பேர் குடுத்திருக்கா. லைப்ரரி ஜெயகிருஷ்ணன் சார் போஸ்டர்ல என்னை "ஹாங்காங் வத்ஸன்"னு போட்டிருக்கார். பத்து வருஷமா இந்த அக்ரஹாரத்துல பேய்ப் படம்னா என்கிட்டதான் வந்து கேக்கறா. நான் மைக்கைப் பிடிச்சு எடை, பெறுநர்னு சொல்லிட்டு இறங்குவேன், அடுத்த நிமிஷம் எல்லார் கண்ணு முன்னாடியும் படம் ஓடும். ஊரே சிரிக்கும். மானம் போயிடும். காய்ச்சல்னு சொல்லிடறேன்.

— காய்ச்சலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு உண்மையைச் சொல்லு. இந்தப் படத்தை நீ கடைசியா எப்போ பாத்தே?

— ஏழு வயசுல.

— அதுக்கப்புறம்?

— எல்லாம் மனசுல அப்படியே இருக்கே, மறுபடி எதுக்கு?

— வத்ஸ்.

— பயமா இருந்தது! போறுமா? இன்னிக்கும் பயம்தான். படம்னா உயிர். போட்டா மட்டும் பாக்க முடியாது.

— ஐயோ பாவம்! சரி, ஏழு வயசுல எப்படிப் பாத்தே?

— சனிக்கிழமை மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அம்மா பஜனை க்ளாஸ் போயிடுவா. அப்பாவுக்கு டூட்டி. ரவிக்குமார் வீடியோ கடைல யாரும் எடுக்காத கேசட்டா வாங்கிண்டு வருவோம். படத்தோட பேரெல்லாம் சைனீஸ்ல இருக்கும், அவனுக்கு என்ன தெரியும்? "சைனா ஒண்ணு", "சைனா ரெண்டு"ன்னு எழுதி ஒட்டியிருப்பான். வாசக் கதவைத் தாப்பா போட்டுட்டு, நானும் பிரதிபா அக்காவும் ஒரே போர்வைக்குள்ள. நான் கண்ணை இறுக்க மூடிப்பேன். அக்காவுக்குப் பதினோரு வயசு, கீழே ஓடற இங்கிலீஷைப் படிச்சுக் கதை சொல்லுவா. எனக்கு அப்போ இங்கிலீஷ் படிக்க வராது, கன்னட மீடியம்.

— வத்ஸா! அங்க என்ன ரெண்டு பேரும் சந்தை மாதிரி கத்திண்டிருக்கேள்?

— ஒண்ணுமில்லைம்மா. இவர் ஞாயித்துக்கிழமை சொல்லப்போற கதையைச் சொல்லிண்டிருக்கார்.

— அந்தப் பொணப் படமா? ராமச்சந்திரா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கேத்தற நேரத்துல. மேகனா, அவரைக்காய் ஒரு கூடை கிடக்கு, உரிக்கணும். கதை முடிஞ்சா வந்து கை குடும்மா.

— இதோ வரேம்மா, அஞ்சு நிமிஷம்.

— பாத்தியா? அம்மா இருந்தா மட்டும் "இவர்", "அவர்". போனதும் "வத்ஸ்", "சொல்லு".

— பேச்சை மாத்தாதே. நான் இன்னிக்கு மத்தியானம் பிரதிபா அக்காவுக்கு ஷிமோகாவுக்குப் போன் போட்டேன்.

— அக்கா என்ன சொன்னா? சப்டைட்டில் தப்பா இருந்திருக்கும், இல்லையா?

— அக்கா அஞ்சு நிமிஷம் சிரிச்சா. அப்புறம் சொன்னா, அவ ஒரு எழுத்துகூடப் படிக்கலையாம். உன்னைவிட அவளுக்குத்தான் பயம் ஜாஸ்தியாம். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து, கண்ணை மூடிண்டு, சத்தத்தை மட்டும் கேட்டாளாம். மணி அடிச்சுதா? சரி, ரயில் வரப் போறதுன்னு சொல்லிட்டா. தொம் தொம்னு கேட்டுதா? மூட்டை இறக்கறாங்கன்னு சொல்லிட்டா. அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்கப் போய்ப் போய் அவளுக்குத் தெரிஞ்ச ஆபீஸ் அது ஒண்ணுதான்.

— அக்காவா? என் அக்காவா?

— "நெத்தியில மஞ்சளா இருக்கே, என்னக்கா அது"ன்னு நீ கேட்டியாம். "லேபிள்டா"ன்னுட்டாளாம்.

— அப்போ நானும் பாக்கலை, அவளும் பாக்கலையா? முப்பது வருஷமா நான் பாக்காத படத்தைச் சிபாரிசு பண்ணியிருக்கேனா?

— கலாட்டாதான் போ! ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. ரெண்டு பேருமே கண்ணை மூடிண்டிருந்தா, அந்த மஞ்சள் சீட்டை நீ எப்படிப் பாத்தே?

— பேய் போனதும் அக்கா மெதுவாச் சொல்லுவாளே, "போயிடுத்து, கண்ணைத் தொற"ன்னு. அப்போ தொறந்து பாப்பேன். பொணமெல்லாம் நெத்தியில சீட்டோட வரிசையா நிக்கும்.

— அக்காவா சொன்னா?

— ஆமா. காதுகிட்ட. குசுகுசுன்னு.

— வத்ஸ், அக்கா என்கிட்ட வேற மாதிரி சொன்னாளே. "வத்ஸன் தைரியசாலி. பேய் போனதும் அவன்தான் 'போயிடுத்து, கண்ணைத் தொற'ன்னு சொல்லுவான், அதுக்கப்புறம்தான் நான் தொறப்பேன்"னா.

— நான் சொன்னதே இல்லை.

— நிஜமா?

— சத்தியமா. எனக்கு வாயே வராது.

— அவளும் சொல்லலைங்கறாளே.

— மேகனா.

— என்ன?

— தாப்பா போட்டிருந்தது. உள்ளே நாங்க ரெண்டு பேர்தான்.

— சும்னிரு வத்ஸ், பேசாம இரு.

— ஒவ்வொரு சனிக்கிழமையும். பின்னாடியிருந்து. இந்தக் கூடத்துலதான், இதே சுவத்துப் பக்கமாத்தான்.

— சும்னிருன்னு சொன்னேன் இல்லை? லைட்டைப் போடு.

— லைட் எரிஞ்சுண்டுதான் இருக்கு.

— அது என்ன சத்தம்? தொம்முன்னு?

— எங்கே?

— உன் பின்னாடி. திரும்பாதே! திரும்பாதேங்கறேன்!

— மூச்சை அடக்கு. கண்ணை மூடிக்கோ.

— ம்.

— ம்.

— போயிடுத்து. கண்ணைத் தொற.

— ஐயோ! அம்மா!

— அம்மாதான். எதுக்கு அலறறே? கூடையைக் கீழே வெச்ச சத்தம் அது. நீ வரலைன்னு நானே அவரைக்காயை இங்கே கொண்டு வந்துட்டேன், மேகனா.

— அம்மா, நீ இப்போ என்ன சொன்னே? மறுபடி சொல்லு.

— போயிடுத்து, கண்ணைத் தொறன்னேன்.

— அதே குரல். மேகனா, இதே குரல்! அம்மா, நீ பஜனை க்ளாஸ்ல இல்ல இருந்தே?

— ஆரம்பிச்ச முதல் வாரமே க்ளாஸ் நின்னு போச்சு. சொல்லிக்குடுக்கற சொர்ணலதா மாமிக்குத் தொண்டை கட்டிண்டுடுத்து. கொல்லைக் கதவு வழியா வந்து பாத்தா, டி.வி. பாட்டுக்கு ஓடறது, நீங்க ரெண்டு பேரும் போர்வைக்குள்ள நடுங்கிண்டிருக்கேள். யாராவது ஒருத்தராவது பாக்கணுமே, பாவம். அதான் கதவோரமா நின்னு நான் பாத்தேன், பேய் போனதும் பின்னாடி வந்து உங்க காதுல சொன்னேன். அப்புறம் சனிக்கிழமை தோறும் க்ளாஸுக்குப் போற மாதிரி கிளம்பி, கொல்லைப் பக்கமா வந்துடுவேன்.

— எங்களைத் திட்டியிருக்கலாமே?

— திட்டினா படத்தை நிறுத்தணும். நிறுத்தினா முடிவு எனக்கு எப்படித் தெரியும்?

— அம்மா, எத்தனை படம் பாத்தீங்க?

— சைனா ஒண்ணுலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும்மா. பத்தொம்பது மட்டும் விட்டுப் போச்சு, அன்னிக்கு இவனுக்கு அம்மை போட்டிருந்தது. அதை நினைச்சா இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

— கீழே இங்கிலீஷ் அவ்ளோ வேகமா ஓடுமே.

— நான் எஸ்.எஸ்.எல்.சி. முதல் வகுப்புடா. இந்த ஆத்துல யாரு கேட்டா?

— அப்போ இத்தனை வருஷமா "பொணப் படம், ராமச்சந்திரா"ன்னு காதைப் பொத்திண்டதெல்லாம்?

— அப்பா எதிர்ல வேற என்ன சொல்றது? அப்புறம் அதுவே வழக்கமாப் போயிடுத்து. நீயும்தான் பெரிய நிபுணன் மாதிரி ஊரெல்லாம் பேசிண்டிருந்தே. பெத்தவ எப்படிடா நாலு பேர் எதிர்ல திருத்தறது? நோட்டீஸைப் படிச்சதுலேர்ந்து ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை.

— அம்மா, நான் அடுத்து எதைப் பாக்கட்டும்? கிணத்து மாமி பாத்தாச்சு.

— அது சுமார்தான். பாதியிலேயே யார் தள்ளினான்னு தெரிஞ்சுடும். நீ பதினெட்டைப் பாரு, அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கற பொண்ணு. நான் ரெண்டு தடவை பாத்தேன். ரெண்டாவது தடவை கண்ணுல ஜலமே வந்துடுத்து. ஆனா முதல்ல நாலும் ஏழும் பாத்துட்டுப் போ, அப்போதான் ருசிக்கும்.

— வத்ஸ், கேட்டியா? இதுதான் சிபாரிசு. பெண் பாக்க வந்தப்போ அம்மாவைப் பேச விட்டிருந்தா, நான் இன்னும் சீக்கிரமே சரின்னு சொல்லியிருப்பேன்.

— அவன் கதையைக் கொறைச்சு சொல்லாதேம்மா. அந்தப் பத்தொம்பதைத் தவிர நான் ஏன் ஒரு சனிக்கிழமைகூட விடலைன்னு நினைக்கறே? கண்ணு முன்னாடி ஒரு படம் ஓடும், போர்வைக்குள்ளேர்ந்து பிரதிபா வேற ஒரு படம் ஓட்டுவா. ஒரே நேரத்துல ரெண்டு. அந்தக் கல்யாணத்துல அவ அட்சதை போடச் சொன்னப்போ நான் புடவைத் தலைப்பை வாயில அடைச்சுண்டு நின்னேன்.

— அம்மா, ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா நீயே பேசிடேன். என் மானம் பொழைக்கும்.

— பதிலா எதுக்கு? நீ முதல்ல உன் பார்சல் ஆபீஸைச் சொல்லு, நன்னா சிரிக்கட்டும். அப்புறம் நான் நிஜக் கதையைச் சொல்றேன். படம் ஆரம்பிச்சதும் நீ ஓடிப் போயிடாம என் பக்கத்துல வந்து உக்காந்து கண்ணை மூடிக்கோ. எப்போ தொறக்கணும்னு நான் சொல்றேன்.