சத்தம் ஆகாத மனிதர்

எங்கள் வீட்டு விளக்கெண்ணெய் நல்ல எண்ணெய், மணியக்காரர் ஐயா. ஆமணக்கு முத்தை நானே வறுத்து நானே காய்ச்சி எடுக்கிறேன். இடிப்பதற்கு மட்டும் ராசாத்தி தன் குடிசைக்கு எடுத்துக்கொண்டு போவாள். உலக்கைச் சத்தம் என் வீட்டுக்காரருக்கு ஆகாது.

அந்த ராசாத்தியின் புருஷன் ஆண்டியைத்தான் முந்தாநாளிலிருந்து இந்தச் சாவடித் தூணில் கட்டி வைத்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியசாமி மாமா தோட்டத்துக் கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளையைத் திருடி விற்றுவிட்டான் என்று ராசிபுரம் போலீசுக்கு அனுப்பப் போகிறீர்களாம். அனுப்ப வேண்டாம். உருளையை எடுத்தது நான். ஏன் எடுத்தேன் என்பதைக் கேட்டால், எடுத்தது சரிதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

சீமையில் யுத்தம் தொடங்கிய வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. மேளம் ஆரம்பித்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடியில் விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். பெண்ணுக்கு எவ்வளவு வெட்கம் என்று சொந்தக்காரிகள் சிரித்தார்கள். அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மேளக்காரரைக் கூப்பிட்டு, "வேப்பமரத்துக்கு அக்கட்டால நின்னு ஊதுங்க சாமி" என்றார். பாவம், இந்த மனிதருக்குச் சத்தம் ஆகாது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

அப்படிப்பட்டவர்களோடு வாழ்வதற்குப் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் களியும் தட்டைப்பயற்றுக் குழம்பும்தான். களி ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். ஒன்றை ஒன்று தொடக் கூடாது. இப்படித்தான் வேண்டும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது அவருக்கு. தம்மம்பட்டியிலிருந்து வந்த என் நாத்தனார், "எங்கண்ணன் எங்கூட்டுக்கு வந்தா வடையும் பாயசமும் கேட்டுக் கேட்டு வாங்கித் திங்குது, நங்கை" என்றாள். மரியாதைக்காக அங்கே என்ன பாடுபட்டிருப்பாரோ மனிதர்.

யாராவது விருந்தாளி வருவதாக இருந்தால் முதல் நாளே என்னிடம் சொல்லிவிடுவார். "சாலா, நாளைக்கு உங்கண்ணன் வாராரு. உச்சிக்கு வந்து வெயில் தாழப் போயிருவாரு." இரண்டு மூன்று தடவை சொல்வார். சொல்லிச் சொல்லித் தம்மைத் தயார் செய்துகொள்கிறார். சந்தைக் கூட்டமும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் சந்தைக்கே போவதில்லை. அவர் மட்டும் போய் வருகிறார்.

அவருக்காக நான் முதலில் அடக்கியது பெரியசாமி மாமா வீட்டுச் சேவலை. அது விடிவதற்கு முன்னாலும் கூவும், விடிந்த பிறகும் கூவும், தனக்கே மறந்து போனது போல மத்தியானத்திலும் கூவும். ஒரு நாள் அது எங்கள் அடுப்படிப் பக்கம் வந்தது. குழம்பில் பாதியை மாமாவின் பெண்சாதி அங்காளம்மாள் அக்காளுக்குக் கொடுத்தனுப்பினேன். மாமாவும் அக்காளும் சேவலைக் காணோம் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்களாம். ருசியாக இருந்ததாக அக்காள் சொல்லியனுப்பினாள்.

அடுத்தது அக்காள் மகளின் கொலுசு. பிள்ளை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் தூங்கும். கொலுசு மணிகளுக்குள் இருந்த பரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மணிகளின் வாயை நெருக்கிவிட்டேன். எழுந்து இரண்டு எட்டு வைத்தது, நின்றது, காலை உதறிப் பார்த்தது, பிறகு அழுதது. அழுகையை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

மாரியம்மன் கோயில் மணிக்கு நாக்கு இல்லாமல் போனதை நீங்கள் தெய்வக் குற்றம் என்றீர்கள். பரிகாரத்துக்கு இரண்டு கிடாய் வெட்டினீர்கள். அதற்காக நான் வருந்துகிறேன். வெட்டும்போது பம்பை அடித்தார்கள்.

இனி உருளை. சால் ஏறி இறங்கும்போதெல்லாம் அது போட்ட கூச்சல் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். எண்ணெய் போட்டால் அடங்கிவிடும். மாமா வேண்டுமென்றேதான் போடாமல் வைத்திருந்தார். ஆண்டி தண்ணீர் இறைக்கிறானா தூங்குகிறானா என்று கட்டிலில் படுத்தபடியே தெரிந்துகொள்ள வேண்டுமாம். நான் விளக்கெண்ணெய் போட்டேன். எருதுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அன்று முழுவதும் உலகம் பஞ்சு மாதிரி இருந்தது.

மாமா கட்டிலிலிருந்து கத்தினார். "என்றா ஆண்டி, தூங்கிட்டயா? உருளை பேசுல."

"இல்லீங் சாமி, தண்ணி போயிட்டேதான் இருக்குதுங். வந்து பாருங்."

"நான் எதுக்குடா வந்து பாக்கோணும்? எனக்குக் காதில்ல?"

தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவனுக்கு அன்றைக்குக் கூலி இல்லை என்றார். ஆண்டி பயந்து போய்ச் சாம்பல் போட்டு எண்ணெயைத் துடைத்தெடுத்தான். பிறகு அது முன்னைவிட மோசமாக அலறியது. வேறு என்ன செய்வது? சந்தை நாளில் தோட்டத்தில் ஆள் இல்லாதபோது அச்சைத் தட்டி உருவி உருளையைக் கழற்றிக்கொண்டேன்.

எங்கள் பாழுங்கிணற்றில் யாரையாவது இறங்கச் சொல்லுங்கள். உருளை கிடைக்கும். கோயில் மணியின் நாக்கும் கிடைக்கும். குடுகுடுப்பைக்காரன் போன வருஷம் தொலைத்த குடுகுடுப்பையும் கிடைக்கும். எல்லாவற்றையும் என் பழைய சேலைத் துணியில் சுற்றித்தான் போட்டிருக்கிறேன். விழும் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதல்லவா?

நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். வந்திருப்பேன். ஆனால் நேற்று அவ்வளவு அமைதியாக இருந்தது. மஞ்சள் பயிர் வாடுகிறது என்றார்கள். வாடுவதில் சத்தமே இல்லை. ஆண்டியின் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்துக்கொண்டேன். இன்று விடிந்ததும் ராசாத்தி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். என் வீட்டுக்காரருக்கு அது ஆகாது. அதனால் வந்தேன்.

என் பின்னாலேயே அவரும் வந்து, நான் பேசும்போதே குறுக்கிட்டு உங்களிடம் சொன்னதைக் கேட்டீர்கள். "ஆண்டிய அவுத்து உடுங்க. உருளைக்கு நான் வழி பண்றேன். இவளுக்குச் சத்தம் ஆவாதுங்க. கல்யாணத்தன்னிக்கே தெரியும் எனக்கு. சேவல், கொலுசு, எல்லாந் தெரியும். நல்லவதானுங்க. என்ன, கொஞ்சம் அனுசரிச்சுப் போகோணும்."

நீங்கள் தலையாட்டினீர்கள். கட்டை அவிழ்க்கும்போது ஆண்டிகூட என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் மறுக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளை ஊர் முன்னால் நின்று தனக்குச் சத்தம் ஆகாது என்று எப்படிச் சொல்லுவார்? கூச்சத்தில் என் மேல் போட்டுவிட்டார். போடட்டும்.

தமுக்கு அடித்துக்கொண்டு யாரோ இந்தப் பக்கம் வருகிறார்கள். பாருங்கள், அவர் தலைத்துண்டை அவிழ்த்து என் தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துக் கட்டுகிறார். பதற்றத்தில் தம் காது எது, என் காது எது என்றுகூடத் தெரியவில்லை. அவருக்காக நானும் கையால் பொத்திக்கொள்கிறேன். இனி கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள்.