மாப்பிள்ளைச் சக்கரத்துக்கு ஒரு பாராட்டுரை

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளோடு போய் எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியில் மோதியது. ஏன் மோதினேன் என்று சொல்வதற்கு முன்னால், எதிலும் மோதாமல் வந்து சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தொடங்கினால் மேடை மரியாதை தெரியாதவள் என்பீர்கள்.

மேடையில் 'தலைவர் அவர்களே' என்றும் வீட்டில் 'என்னங்க' என்றும் நான் அழைக்கும், நம் இருசக்கர வாகன ஓட்டிகள் சங்கத்தின் தலைவர் அவர்களே, கண் இமைக்காமல் ஊசியை மட்டுமே பார்த்து நம் வண்டிகளுக்கெல்லாம் தகுதி வழங்கிய ஆய்வாளர் அவர்களே, சக்கரங்களின் சம்பந்தி, சங்கத்தின் ஆஸ்தான மெக்கானிக் அண்ணன் அவர்களே, ஆண்டுதோறும் வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாகச் சோதனைக்கு அனுப்பும் பெரியோர்களே, பின்சீட்டில் உட்கார்ந்து வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே கால் வலி வாங்கிய தாய்மார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் சங்கம் இந்த ஆண்டு வண்டித் தகுதிச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறது. ஒரு வண்டிகூடத் தோற்கவில்லை. அதோ மேசைமேல் கேடயம் பளபளக்கிறது. பாராட்டிப் பேச ஆள் தேடியபோது தலைவர் சொன்னாராம், "என் வீட்டுக்காரி காலேஜ் படிச்சவ, நாலு வார்த்தை நல்லா பேசுவா." பேச வந்துவிட்டேன். நல்ல வார்த்தை நாலு தேறுமா என்று இறங்கும்போது அவரே எண்ணிக்கொள்ளட்டும்.

பாராட்டு என்றால் உரியவருக்குத்தானே போய்ச் சேர வேண்டும்? இந்த வெற்றி யாருடையது? ஓட்டியவர் வெற்றியா? இல்லை. ஆய்ந்தவர் வெற்றியா? அதுவும் இல்லை. ஒரே ஒரு முன்சக்கரத்தின் வெற்றி. நம் தெருவில் அதற்குப் பெயரே உண்டு. மாப்பிள்ளைச் சக்கரம்.

என்ன சிரிக்கிறீர்கள்? புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் புரியாமல் விழிக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். மெக்கானிக் அண்ணன் கடையில், புது பிரேக் ஷூ போட்டு, எண்ணெய் துடைத்து, துணி சுற்றித் தொங்கும் ஒரு முன்சக்கரம் இருக்கிறது. குடம் போன்ற அதன் நடுப்பகுதியில் ஒரு மஞ்சள் புள்ளி. நாம் எல்லோரும் ஒரே வகை வண்டி வைத்திருப்பதால் எல்லார் வண்டிக்கும் அது பொருந்தும். சோதனை நாளன்று உங்கள் சக்கரத்தைக் கழற்றுவார், மாப்பிள்ளையை மாட்டுவார். சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைமேல் நிறுத்துவார்கள். உருளை சுழலும், சக்கரமும் சுழலும், ஆய்வாளர் மூன்று சொல் சொல்வார். "பிடிங்க. விடுங்க. போங்க." பிரேக்கைப் பிடித்தால் அதன் வலுவைக் காட்டும் ஊசி எகிறும். விட்டால் இறங்கும். போய்விடலாம். வெளியே வந்ததும் சுவருக்குப் பின்னால் உங்கள் பழைய சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டு, மாப்பிள்ளையை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோவார்கள். ஒரே நாளில் இத்தனை வீட்டுக்கு மருமகனாகி, எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிய மாப்பிள்ளை உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஆய்வாளருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தையல்கடை அக்கா உருளைமேல் நின்றபோது அவர் கேட்டிருக்கிறார், "இந்த மஞ்சள் புள்ளியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேம்மா?"

அக்கா அசரவில்லை. "ஏழு பேர் ஒரே சாயல்ல இருப்பாங்கன்னு சொல்லுவாங்களே சார், சக்கரம் இருக்காதா?"

"அப்படியா?"

"ஊசி என்ன சார் சொல்லுது?"

"ஊசி நல்லாத்தான் சொல்லுது."

"அப்ப நாம ஏன் சார் நடுவுல பேசணும்?"

அக்கா இங்கேதான் இருக்கிறார். கையெடுத்துக் கும்பிடுகிறார் பாருங்கள். கும்பிட வேண்டாம் அக்கா, அந்த வாதத்துக்கு நான்தான் உங்களைக் கும்பிட வேண்டும்.

நம் கணக்கு வாத்தியாருக்கு நேர்ந்ததை மறக்க முடியுமா? அவர் பிரேக் அவருக்குப் பழக்கம். தெருமுனையில் நிற்க வேண்டுமென்றால் மருந்துக்கடையைத் தாண்டும்போதே பிடிக்கத் தொடங்குவார். அதே பழக்கத்தில், உருளைக்கு முன்னால் இருக்கும் கோட்டில் நிற்பதற்காக, பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தார். வண்டி நின்றது. வாத்தியார் நிற்கவில்லை. ஆய்வாளரின் மேசைமேல் போய் இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "சார், பாஸா?" கெட்ட பிரேக்கால் விழுந்தவர்களை ஊரெல்லாம் பார்த்திருக்கிறோம். நல்ல பிரேக்கைக் கண்டு அதிர்ந்து விழுந்தவர் நம் சங்கத்தில்தான் இருக்கிறார். அந்தப் பெருமையையும் கேடயத்தில் பொறித்திருக்கலாம், இடமில்லை போலிருக்கிறது.

பின்னாலிருந்து யார் அது? "அக்கா, குப்பைத் தொட்டிக்கு வாங்க." வருகிறேன் தம்பி. அதற்கும் பிரேக் பிடித்துத்தானே திரும்ப வேண்டும்?

என் வண்டி நல்ல வண்டி. தற்பெருமை இல்லை. அதோ ஓரமாக உட்கார்ந்து, அம்மா இன்னும் என்னென்ன சொல்லப் போகிறாளோ என்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாளே, என் மகள், அவளுக்குக் கீழ்ச்சாலையில் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களின் பார்வையைச் சோதிக்கும் வேலை. திங்கட்கிழமை முதல் நாள். நம் தெருச் சரிவு உங்களுக்குத் தெரியும். மேலே விட்டால் கீழே லாரி போகும் சாலையில்தான் வாய் திறக்கும். அதனால் போன மாதமே நானே நின்று முன்சக்கரத்துக்குப் புது பிரேக் ஷூ போட வைத்தேன். புது டயரும் போட்டேன். காற்று அடைக்கும் வாயில் மகள் ஒரு பச்சை மூடி போட்டாள். என் கணக்குப்படி மாப்பிள்ளை தேவைப்படாத ஒரே வீடு எங்கள் வீடு.

சோதனை முடிந்து வந்ததிலிருந்து வாசலிலேயே நின்ற வண்டியை, இன்று காலை, மகளிடம் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று ஏறினேன். சரிவில் உருட்டினேன். பிடித்தேன். நிற்கவில்லை. இன்னும் பிடித்தேன். பிடி என் உள்ளங்கைவரை வந்துவிட்டது, வண்டி மட்டும் வரமாட்டேன் என்றது. பின்பிரேக்கையும் மிதித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, கைப்பிடியை ஒடித்துத் திருப்பி, தொட்டியில் மோதினேன். எதிர்வீட்டு அத்தை சன்னலைத் திறந்து, "என்னம்மா, குப்பை கொட்ட வண்டியிலயா வர்ற?" என்றார். வண்டியின் முன்விளக்குக்கு மேல், 'தகுதி உடையது' என்று எழுதி ஒட்டிய வில்லை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். பச்சை மூடி இல்லை. டயரில் வரி இல்லை. ஒடிந்த ஒரு கம்பியைக் கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். அது என் சக்கரமே இல்லை.

நேரே மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணே, என் முன்சக்கரம் எங்கே?"

"வண்டியில இல்லையாம்மா?"

"வண்டியில ஒண்ணு இருக்கு. என்னோடது இல்ல."

"வட்டமா இருக்குல்ல?"

"வட்டமா இருக்கு. நிக்கமாட்டேங்குது."

"ஓடுறதுக்குத்தானேம்மா சக்கரம்," என்று சிரித்தவர், என் முழங்காலில் இருந்த சிராய்ப்பைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அன்னைக்குக் கூட்டம்மா. சுவருக்குப் பின்னால கழட்டுன சக்கரமெல்லாம் ஒண்ணா சாஞ்சு கிடந்துச்சு. அவசரத்துல எது எதுக்குப் போச்சுன்னு…"

"என் சக்கரத்தை எதுக்குண்ணே கழட்டுனீங்க? அது நல்ல சக்கரமாச்சே."

"சார்தான் சொன்னாரு."

சார் என்றால், தலைவர் அவர்கள். வீட்டுக்கு வந்தேன். தலைவர் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார், இன்றைய விழாவுக்காக.

"என்னங்க, நல்ல சக்கரத்தைக் கழட்டிட்டு இரவல் சக்கரம் மாட்டச் சொன்னீங்களா?"

"தலைவர் வண்டி தோத்துட்டா சங்கத்துக்கே அசிங்கம்டி. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

பாதுகாப்பு. அன்பர்களே, அந்தச் சொல்லை நான் இன்று முழுவதும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். கரையவே இல்லை.

தலைவர் மணியடிக்கிறார். நேரம் முடிந்துவிட்டதாம். மணி நன்றாகத்தான் அடிக்கிறது, அது இரவல் இல்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், என்னங்க, மன்னிக்கவும், தலைவர் அவர்களே.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். என் நல்ல சக்கரம் எங்கே? இந்த அரங்கில் யாரோ ஒருவருடைய வண்டியில் இருக்கிறது. யாரோ ஒருவர் என் பிரேக்கைப் பிடித்து, பத்திரமாக நின்று, இறங்கி வந்து, இங்கே உட்கார்ந்து கைதட்டுகிறார். வாழ்த்துகள். நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் என்னிடம் இருப்பது உங்களுடையதா? உங்களுடையது அவரிடமா? அவருடையது இவரிடமா? ஊசிக்குப் பயந்தோம், சரிவுக்குப் பயந்தோமா? வில்லைக்கு அலைந்தோம், வீட்டுப் பிள்ளைக்கு அலைந்தோமா? கேடயம் வாங்கினோம், அந்தக் கேடயத்தைக் கீழ்ச்சாலை லாரிக்கு முன்னால் நீட்டினால் லாரி நிற்குமா?

யாரும் கைதட்ட வேண்டாம். தட்டுகிற கை, போகும்போது பிரேக் பிடிக்க வேண்டிய கை.

குப்பைத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. தேர்வு என்பது தேறுவதற்கு என்றே சின்ன வயதிலிருந்து நமக்குப் பழக்கம். தெரிந்துகொள்வதற்கும் ஒரு தேர்வு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை, தலைவருக்கும் தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குத் தலைக்கவசம் வாங்க மூன்று கடை ஏறி இறங்கியவர். தலைக்குக் கவசம் தேடியவர், சக்கரத்தைப் பார்க்க மறந்தார். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒரு பெண்ணின் உயிர்.

நான் இங்கே வண்டியில் வரவில்லை. வண்டிதான் என்னோடு வந்தது, தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் நிற்கிறது. அதிலிருந்து உரித்த வில்லை என் கைப்பையில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். மகளிடம் சொல்லவில்லை. பெட்டி போட்டுக்கொண்டிருந்தவரிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது மணியைக் கையிலேயே வைத்திருக்கிறார், அடிக்கத்தான் மறந்துவிட்டார்.

நாளைக் காலை சோதனைக்கூடம் திறக்கும்போது வரிசையில் முதல் வண்டி என்னுடையதாக இருக்கும். மாப்பிள்ளை இல்லாமல், கட்டுக்கம்பி சுற்றிய இதே சக்கரத்தோடு. வில்லையை ஆய்வாளர் கையில் திருப்பிக் கொடுப்பேன். மறுபடி சோதிக்கச் சொல்வேன். ஊசி எழாது. எழாதபோது அவர் மற்ற வண்டிகளையும் கூப்பிட வேண்டிவரும், நூற்றுக்கு நூறு போகும், கேடயமும் போகும். போகட்டும். என் மகள் திங்கட்கிழமை நடந்து வேலைக்குப் போவாள், நானும் கூட நடப்பேன்.

ஆய்வாளர் அவர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "பிடிங்க" என்பீர்கள், பிடிப்பேன். "விடுங்க" என்பீர்கள், விடுவேன். மூன்றாவது சொல்லை மட்டும் நாளைக்குச் சொல்லாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் இத்தனை வண்டிகளில் ஒருவரிடமும் நீங்கள் சொல்லாத ஒரு சொல் இருக்கிறது. "நில்லுங்கம்மா." அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், என் பிரேக்கை வைத்திருக்கும் அந்த முகம் தெரியாத அன்பருக்கும் நன்றி. பார்த்து, மெதுவாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.