ஒன்பதாம் கட்டிலருகே இருந்தவர் குறித்து

நான் மேலே கண்ட முகவரியில் என் கணவருடனும் மாமியாருடனும் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. என் கணவர் பேருந்து ஓட்டுநர். நான் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பகல் நேரப் பொறுப்புச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் கட்டிலில் இறந்துபோன அம்மாளின் மகள் கொடுத்த புகார் தொடர்பாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் பிரிவுக்குச் செவிலியர்கள் போதவில்லை என்று பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்துப்போன பிறகு, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அளந்து பார்க்க நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தது. சின்ன வயதுதான். மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, கையில் கடிகாரத்துடன் எங்கள் பின்னாலேயே வருவார். ஊசி போடுதல், கட்டுப் போடுதல், ரத்த அழுத்தம் பார்த்தல் என்று ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறிக்க அவரிடமிருந்த படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அவர் எங்களோடு பேசக் கூடாது, எந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது, அவரை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சுவர் என்றே பெயர். ‘சுவரே, கொஞ்சம் நகரும்மா’ என்று கிண்டல் செய்வோம். சிரிக்காமலிருக்க அவர் படாத பாடு படுவார். கழிப்பறை வாசலில்கூட நின்று நேரம் பார்த்த அவர்மீது ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சம்பவத்தன்று மதியம் மேற்படி அம்மாள் மூச்சுத்திணறலுடன் அழைத்துவரப்பட்டார். உடன் வந்த பக்கத்து வீட்டுக்காரர், வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டு, கடையைத் திறந்து போட்டபடி வந்துவிட்டதாகக் கூறிக் கிளம்பிவிட்டார். மருத்துவர் பார்த்து, இதயம் மிகவும் பலவீனமாக இருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார். அதன் பிறகு அம்மாள் பயத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதால், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஒரு தொழிற்சாலை வேன் கவிழ்ந்து, அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். நாங்கள் மூன்றே செவிலியர்கள். கையை விட்டால் முகமூடி போகும், விடாவிட்டால் வாசலில் வேன் ஓட்டுநரின் உயிர் போகும். நான் திரும்பியபோது பின்னால் சுவர் நின்றிருந்தார். ‘வாம்மா, இந்தக் கையப் புடி, விட்டுடாத’ என்றேன். ‘நான் தொடக் கூடாது சிஸ்டர்’ என்றார். ‘நான் சொல்றேன், புடி’ என்றேன். அவர் கடிகாரத்தை நிறுத்தி அங்கிப் பையில் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அம்மாள் ‘பாப்பா, வந்துட்டியா?’ என்று கேட்டதும், அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ‘வந்துட்டேம்மா’ என்று சொன்னதும் நான் காதால் கேட்டவை. மகள்போல நடித்து ஏமாற்றியதாகப் புகாரில் சொல்லப்படுவது இந்த ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டபின் அம்மாள் முகமூடியைப் பிடுங்கவில்லை.

அதன் பிறகு நான் அடிபட்டவர்களைப் பார்ப்பதும், இடையிடையே ஒன்பதாம் கட்டிலுக்கு ஓடுவதுமாக இருந்தேன். போன போதெல்லாம் அந்தப் பெண் அம்மாளின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் அம்மாள் இறந்தார். சற்று நேரத்தில் மகள் வந்து சேர்ந்தார். அவரை யாரோ உறவினர் என்று நினைத்த எங்கள் உதவியாளர், ஆறுதலுக்காக ‘கவலப்படாதீங்கம்மா, பொண்ணு கடைசி வரைக்கும் பக்கத்துலதான் இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டார். ‘நான்தாங்க பொண்ணு’ என்றார் மகள். அதன் பிறகு நடந்த கூச்சலில் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, குடும்பத்தாரிடம் பேசக் கூடாது என்றும் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

அவர் தானாக எதையும் செய்யவில்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த வேலைக்கு அவரிடம் கட்டம் கிடையாது, எங்களிடம் ஆள் கிடையாது. நடவடிக்கை எடுப்பதானால் என்மேல் எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணை எனக்கு இப்போது மிகவும் பிடிக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

பக்கத்தில் இருப்பது தன் மகள்தான் என்று நம்பியே அம்மாள் இறந்தாரா என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். கடைசியாக நான் ரத்த அழுத்தம் பார்த்தபோது அம்மாள் தானே முகமூடியை விலக்கிவிட்டு அந்தப் பெண்ணிடம் பேசினார். ‘நீ என் பொண்ணு இல்லன்னு தெரியும் கண்ணு. அவ கை எனக்குத் தெரியாதா? அம்மா தனியா கெடந்து போயிட்டாளேன்னு அவ அழுவா. அப்படி இல்லன்னு சொல்லிடு’ என்றார். அந்தப் பெண் சரி என்று தலையாட்டினார்.

சொல்வதற்கு அவரை யாரும் விடவில்லை. அதனால் நான் சொல்கிறேன். இதில் கண்ட யாவும் நான் பார்த்ததும் கேட்டதுமான உண்மை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது, கையெழுத்திடுகிறேன். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இதை ஒருமுறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
பொறுப்புச் செவிலியர்