எண்ணெய் மூடியின் வளையம்

எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் துடைக்கப் பழைய பனியன் துணிதான் நல்லது. நூல் உதிராது. அண்ணனின் பழைய ஜீப்பில் அந்த மூடி இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அவர் கை நுழையாது, என் கை நுழையும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அது என் வேலை. மூடியைத் திருகி எடுப்பேன். உட்பக்கம் வெள்ளையாகப் பசை படிந்திருந்தால் வழித்தெடுப்பேன். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பேன்.

"மூடியாச்சா?" என்பார் அண்ணன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"ஆச்சுண்ணே."

அதற்குமேல் அவர் இறங்கிப் பார்த்ததில்லை.

அம்மா போனபின் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. அண்ணி வந்ததும் நீ மறுபடி படிக்கப் போகலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணி வந்தாள். நல்லவள்தான். எனக்குத் தலை பின்னிவிடுவாள், வாயில்லாப் பூச்சி என்று கேலி செய்வாள். அப்பா அறையின் வாடைதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் வீடு பார்த்துவிட்டார்கள்.

"அப்பாவுக்கு நீதான் இருக்கியேம்மா," என்றார் அண்ணன்.

சரி என்றேன். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாதாடத் தெம்பில்லை.

அவர்கள் புறப்பட்ட காலையில் வளையத்தை உருவிவிட்டு மூடியைச் சும்மா மேலே வைத்தேன். ஏற்றத்தில் எண்ணெய் தெறித்துச் சூடான புகைக்குழாயில் விழும். புகை வரும், வண்டி நிற்கும், திரும்பி வருவார்கள். மூடியாச்சா என்றார். ஆச்சு என்றேன்.

தீப்பிடித்ததும் அண்ணன் தன் பக்கம் குதித்துவிட்டார். அண்ணியின் மடியில் பெட்டி. அவள் பக்கத்துக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. தாழில் கட்டிய கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். அன்று கயிறு இல்லை. அண்ணன் வெளியிலிருந்து திறப்பதற்குள் அவள் போய்விட்டாள், அவர் கைகளும் வெந்துவிட்டன.

இப்போது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். நேற்று ஒரு வாய் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு மூடி சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு. வழியில நீங்க தொட்டீங்களாண்ணே?"

வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். தொட்டிருப்பேன் போல என்றார். தன் கை அங்கே நுழையாது என்பதைக்கூட மறந்துவிட்டார், பாவம்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு யார்மீதும் கோபமில்லை. வண்டி நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். முதல்நாள் சாயங்காலமே கதவுக் கயிற்றை அவிழ்த்தெடுத்ததுகூட, நைந்திருக்கிறதே, புதிது கட்டலாம் என்றுதான்.