சின்ன மேஸ்திரி

வெயில் ஏறுவதற்கு முன்பே குருவிக்குத் தினை வைத்துவிட வேண்டும், ஐயா. பிறகு வைத்தால் கொத்திக் கொத்திக் கீழே தள்ளுமே தவிரச் சாப்பிடாது. ஸ்டேஷனில் கான்ஸ்டபிளிடம் சொன்னேன், சிரித்தார். மாஜிஸ்திரேட் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் இருதயராஜ். ஆம்பூரில், பாலாற்றங்கரையில் இருக்கும் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. தோலிலிருந்து மயிரை எடுக்க முன்பெல்லாம் வெறும் சுண்ணாம்புதான். சல்பைடு என்ற மருந்து வந்தபிறகு வேலை சீக்கிரம் முடிகிறது. அந்தத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் கழிவாக ஓடி, தரைக்கடியில் ஒரு மூடுதொட்டியில் சேரும். சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு விஷக்காற்று கிளம்பும். மயிரும் கொழுப்பும் அடைத்துக்கொண்டால் யாராவது ஏணி வைத்து இறங்கித்தான் வாரவேண்டும்.

போன வருஷம் அப்படி இறங்கிய ஒருவன் ஏறி வரவில்லை. சென்னையிலிருந்து ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்.

"இனி ஆள் இறங்குவதற்கு முன்னால் கூண்டில் ஒரு குருவியை இறக்கிப் பாருங்கள். குருவி செத்தால் ஷாப்பை மூடிவிட்டு எனக்குத் தந்தி கொடுக்கவேண்டும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். உள்ளே இருப்பவனுக்கு நாற்றம் திடீரென்று நின்றுபோனால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாதாம். விஷம் அதிகமாகி மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தமாம். இதையெல்லாம் எனக்கு மட்டும் விளக்கி, குருவியை என் பொறுப்பில் விட்டார்.

முதல் குருவியைத் திருப்பத்தூர் சந்தையில் வாங்கினேன். இறக்கிய அன்றே செத்தது. உள்ளங்கையில் எடுத்தபோது இன்னும் சூடாக இருந்தது. இவ்வளவு சின்ன உயிரை அனுப்பி வேவு பார்க்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஷாப்பை மூடினோம். மறுபடி திறந்ததும் சாயபு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா இது, பெரிய பேஜாரா கீது. குருவி செத்தா ஷாப்பு மூடணும்னா எப்படி? இனிமே குருவி சாகக்கூடாது, அவ்ளோதான்."

எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானே யோசித்தேன். இறக்காத குருவி சாகாது.

அடுத்த குருவியைப் பித்தளைக் கூண்டில் வைத்து, ஆற்றுக்காற்று வரும் ஜன்னலோரம் மாட்டினேன். ஆட்கள் வருவதற்கு முன்பே தினமும் தொட்டியில் இறக்கிப் பார்த்துவிடுவதாகச் சொல்லிவைத்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குச் சின்ன மேஸ்திரி என்று பெயர்கூட வைத்தார்கள். தொட்டியில் இறங்குகிறவன் முனிரத்தினம், நாட்றம்பள்ளிப் பக்கத்துக்காரன். பாடிக்கொண்டே வாருவான். இறங்குவதற்கு முன் தவறாமல் கேட்பான்.

"சின்ன மேஸ்திரி எறங்கிட்டு வந்தாரா?"

"வந்தாரு."

"எப்படி கீறாரு?"

"நல்லா கீறாரு. நீ எறங்கு."

ஜன்னல் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவான். கண் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஏறுவான். சில நாள் வாந்தி எடுப்பான். மரத்தடியில் படுக்கவைப்போம். ஆள் மயங்கினால் தந்தி கொடுக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை.

குருவி கொழுத்தது. மறுமுறை வந்த இன்ஸ்பெக்டர் கூண்டைத் தூக்கிப் பார்த்து, ஜில்லாவிலேயே பத்திரமான ஷாப்பு இதுதான் என்று என் கையைக் குலுக்கினார்.

அந்தப் பாராட்டுதான் வினையாயிற்று. பெரிய அதிகாரி ஒருவரை அழைத்து வருவதாகவும், அவர் முன்னால் கூண்டை இறக்கிக் காட்டவேண்டும் என்றும் செய்தி அனுப்பினார். குருவி பிழைக்கும்படியான காற்று தொட்டிக்குள் இருக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். ஆளை இறக்கிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

அவர்கள் வருகிற அன்று காலை கூண்டைத் தொட்டியருகே கொண்டுவந்து வைத்துவிட்டு முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். வழக்கம்போல் கேட்டான். வழக்கம்போல் சொன்னேன். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து பாட்டு வந்தது. நாற்றம் எப்படி என்று குனிந்து கேட்டேன்.

"மொதல்ல ஜாஸ்தி இருந்திச்சு மேஸ்திரி. இப்போ நாத்தமே இல்ல."

இன்ஸ்பெக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே எழுந்தேன். கூண்டின்மேல் துணியைப் போர்த்தி, ஆற்றங்கரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஓடவில்லை, ஐயா. ஓடினால் கூண்டு ஆடும், குருவி பயந்துவிடும்.

கூண்டோடு திரும்பி வந்தபோது பாட்டு நின்றிருந்தது. அவனைத் தூக்க இறங்கிய இன்னொரு கூலியாள் சாமுவேலும் உள்ளே விழுந்து கிடந்தான். இரண்டு பேரையும் கயிறு போட்டுத்தான் எடுத்தார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். பெரியவர் குருவியை வெகுநேரம் பார்த்தார். குருவி உயிரோடு இருக்கும்போது விஷக்காற்று என்று எப்படி எழுதுவது, இரண்டு பேருக்கும் மாரடைப்பாகத்தான் இருக்கவேண்டும் என்றார். சாயபு தலையாட்டினார்.

அப்போதுதான் முனிரத்தினத்தின் மனைவி பட்டம்மாள் வந்தாள். அவன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கொடியை அவிழ்த்து எடுத்தாள். கரி போலக் கறுத்திருந்தது.

"இந்தத் தொட்டில எறங்கி எறங்கி வெள்ளி கறுத்துப் போவுது. நானும் புளி போட்டுத் தேய்ச்சுக்கினுதான் கீறேன்" என்றாள். பிறகு கூண்டைத் தொட்டுப் பார்த்தாள். "தெனம் எறங்கற கூண்டாச்சே. இதோட பித்தளை மட்டும் எப்படி மேஸ்திரி பளபளன்னு கீது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எறங்குச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இல்லம்மா. ஒரு நாளும் எறங்கல."

அவளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். முனிரத்தினத்திடம் ஒவ்வொரு முறையும் பொய் சொல்லித்தான் இறக்கினேன். நாற்றம் நின்றதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஏறி வாடா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் வந்திருப்பான், சாமுவேலும் இறங்கியிருக்க மாட்டான். நான் குரல் கொடுக்கவில்லை. கூண்டைத்தான் தூக்கினேன்.

வருத்தம் இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கை கால் இருந்தது, ஏணி இருந்தது, கேட்க வாயும் இருந்தது. என்னை நம்பி ஒப்படைத்தது ஒரே ஓர் உயிர், ஐயா. அதற்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.