வரைபடத்தைத் திறக்காமல் நடந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, இந்தக் கூட்டத்தைக் கூட்டிய சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காதக்காவின் தங்கையே, தங்கையின் கணவரே, கசிவுப் பிரிவு, பம்பிங் பிரிவு, வரைபடப் பிரிவுத் தோழர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் குடிநீர் வாரியத்தின் மூத்த கசிவு ஆய்வாளர், நம் எல்லோருக்கும் காதக்கா, இன்று நம்மிடையே இல்லை. அவருடைய இருபத்திரண்டு ஆண்டுச் சேவையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். நான் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டும். அவர் ஆடிய வீடியோ கேமைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இருந்திருந்தால் முதல் சிரிப்பு அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

காதக்கா என்ற பெயர் எப்படி வந்தது? புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இரும்புக் கம்பி. அதன் மேல்முனையில் கிண்ணம் போல ஒரு மூடி. கீழ்முனையைத் தரையில் ஊன்றி, மூடியில் காதை வைத்தால், பூமிக்கு அடியில் குழாயில் தண்ணீர் ஓடும் ஓசையும், கசியும் ஓசையும் கேட்கும். யாருக்குக் கேட்கும்? எனக்குக் கேட்காது. உங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்டது. பேருந்துகள் அலறிக்கொண்டு போகும் நடுச்சாலையில் குனிந்து நின்று, "இங்க தோண்டுங்க" என்பார். தோண்டினால் கசிவு இருக்கும். அவரிடம் வரைபடத்தை நீட்டினால் வாங்க மாட்டார். "முதல்ல தரை என்ன சொல்லுதுன்னு கேட்போம், அப்புறம் காகிதம் பேசட்டும்" என்பார்.

நான் காகிதம் பேசுகிறவன். வரைபடப் பிரிவில் நாற்காலி தேய உட்கார்ந்தவன். என்னை அவர் 'மேப்பு சார்' என்றுதான் கூப்பிடுவார். நான் வரைந்த எந்தத் தெருவிலும் நான் நடந்ததில்லை என்பது அவருக்கு வாய்க்கு அவல்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அச்சகத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு பெரிய கசிவு. பள்ளம் தோண்டினார்கள். ஓசை கேட்க அவர் உள்ளே இறங்கினார். பக்கச் சுவர் சரிந்தது. முதுகெலும்பு முறிந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. போன மாதம் அவரைக் கொண்டுபோன சிறுநீரகத் தொற்றும் அந்தப் படுக்கையில் தொடங்கியதுதான்.

எல்லோரும் போய்ப் பார்த்தீர்கள். நான் போகவில்லை. இரண்டரை ஆண்டுகள் போகவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் செயலாளர் ஒரு மருத்துவ விண்ணப்பத்தை என் கையில் கொடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். தட்டிக்கழிக்க வழியில்லை. பிற்பகலில் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய தங்கை. உள்ளே, சக்கர நாற்காலியில், காதில் ஹெட்போனோடு, கையில் ஒரு கன்ட்ரோலரோடு காதக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே டிவியில் ஒரு குதிரை பாலத்தின் முன்னால் அடம்பிடித்து நின்றுகொண்டிருந்தது.

"வாங்க மேப்பு சார். இந்தக் குதிரை ஏன் பாலத்துல கால் வைக்க மாட்டேங்குது, பாருங்களேன்" என்றார். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்!

தங்கையின் கணவர் தமக்காக வாங்கி, ஆட நேரமில்லாமல் பெட்டியோடு வைத்திருந்த விளையாட்டு அது. ஒரு மாய உலகம். மலை, காடு, ஏரி, பாழடைந்த ஊர்கள், பூதங்கள், ஒரு டிராகன். கறுப்புக் கோட்டையில் ஓர் அரசனை அடைத்து வைத்திருக்கிறார்கள். வாளெடுத்துப் போய் அவனை மீட்க வேண்டும், அதுதான் கதை. காதக்கா அந்தக் கோட்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பாவம் அந்த ராஜா என்றேன். "அவர் உள்ள பத்திரமா இருக்கார். வெளிய என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம்" என்றார்.

குதிரை ஏன் பாலத்தில் ஏறவில்லை? இறங்கி, கீழே போய்ப் பார்த்தோம். பாலத்தின் நடுத்தூண் உளுத்துப் போயிருந்தது. குதிரைக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. கையெழுத்து வாங்க வந்த நான் அன்று மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தேன். விண்ணப்பத்தை மறந்துவிட்டு வந்து செயலாளரிடம் திட்டு வாங்கினேன். அவருக்கு நினைவிருக்கும்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் போனேன். அந்த உலகத்தைப் பற்றி என்ன சொல்வேன்! காற்றடித்தால் புல் ஒரே பக்கம் சாயாது. மேட்டில் ஒரு விதம், பள்ளத்தில் ஒரு விதம் சாயும். சந்தையில் ஒரு வெண்கலப் பாத்திரக்காரி நாள் முழுவதும் அதே மூன்று வாக்கியங்களைச் சொல்வாள். மழை பெய்தால் மட்டும் நான்காவதாக ஒன்று சொல்வாள். அதைக் கேட்பதற்காகவே காதக்கா மழைக்குக் காத்திருந்தார். பனைமர உயரத்தில் ஒரு பூதம் ஏரிக்கு வரும். நான் ஒளியச் சொன்னேன். அவர் பாறை மேல் உட்கார்ந்து பார்த்தார். பூதம் தண்ணீரில் கால்களைக் கழுவிவிட்டு, வந்த வழியே போய்விட்டது. டிராகன் தலைக்கு மேல் பறந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த நானே நாற்காலியில் குனிந்துவிட்டேன். "அது உங்களைப் பார்க்கவே இல்ல மேப்பு சார். அதுக்கு ஆயிரம் வேலை" என்றார்.

அவர் ஒரு முறைகூட அந்த விளையாட்டின் வரைபடத்தைத் திறக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் முழு நாடும் திரையில் விரியும். எனக்குக் கை துறுதுறுக்கும். அவரோ ஆற்றைப் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நடந்துகொண்டே இருந்தார். ஒரு மலையடிவாரத்தில் ஆறு மாயமானது. நான் அவ்வளவுதான் என்றேன். அவர் கண்ணை மூடி ஹெட்போனை அழுத்திப் பிடித்தார். "அடியில ஓடுது" என்றார். இது யாரோ பதிவுசெய்த சத்தம், இதில் அடி ஏது மேல் ஏது என்று கேட்டேன். அவர் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பது நிமிடம். ஒரு கொடியை விலக்கினால், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. உள்ளே குகை. குகைக்குள் ஒரு சின்ன ஏரி. ஏரி முழுக்க நீல மீன்கள்.

புதையல் இல்லை. வாள் இல்லை. பரிசு என்று ஒரு துரும்பும் இல்லை. இதற்கா இத்தனை பாடு என்றேன்.

"யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு இதைச் செஞ்சு இங்க வெச்சிருக்காங்க. ஒருத்தராவது வந்து பார்க்க வேணாமா?" என்றார்.

நண்பர்களே, நான் ஏன் இரண்டரை ஆண்டுகள் அவரைப் பார்க்கப் போகவில்லை என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஒரு சனிக்கிழமை அவர் கன்ட்ரோலரை என்னிடம் கொடுத்தார். கிடைத்ததே போதும் என்று முதல் காரியமாக வரைபடத்தைத் திறந்தேன். தூரத்து ஊர் ஒன்றில் குறி வைத்தேன். நேராகச் சமவெளி என்று காட்டியது. குதிரையை விரட்டினேன். சமவெளியின் நடுவில் ஒரு பிளவு. வரைபடத்தில் அது இல்லை. குதிரையும் வீரனும் விழுந்து செத்தார்கள். திரை கறுத்தது.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அச்சகத் தெருவின் வரைபடத்தை வரைந்தது நான்தான் என்று சொன்னேன். மெயின் பைப் சாலையின் இடப்பக்கம் போவதாகக் கோடு போட்டிருந்தேன். பழைய தாளைப் பார்த்து, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே போட்ட கோடு. பைப் உண்மையில் அங்கே இல்லை. என் கோட்டை நம்பித் தோண்டினார்கள். பள்ளத்துக்கு அப்பால், சுவருக்குப் பின்னாலேயே பைப் கசிந்து மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் சுவர் சரிந்தது. விசாரணை அறிக்கை 'தொடர் மழை' என்றது. மழை பெய்தது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

தலைமைப் பொறியாளர் அவர்களே, இதை எழுதி நேற்றே உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். படித்த பிறகும் இந்த மைக்கை எனக்குக் கொடுத்தீர்கள். நன்றி. எந்த நடவடிக்கைக்கும் நான் கட்டுப்படுகிறேன்.

காதக்கா என்ன சொன்னார்? திட்டினாரா? அழுதாரா?

"தெரியும்" என்றார். "கம்பியை வெச்சதுமே சத்தம் வலப்பக்கச் சுவருக்குள்ள இருந்து வந்துச்சு. பைப் இங்க இல்லன்னு புரிஞ்சு போச்சு. சொல்லத் திரும்பறதுக்குள்ள மண்ணு வந்துடுச்சு."

பிறகு கேட்டார்: "அந்தக் கோட்டைத் திருத்திட்டீங்களா?"

நான் திருத்தவில்லை. திருத்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அன்றுதான் அவர் முகத்தில் முதன்முதலாகக் கோபத்தைப் பார்த்தேன். தம் காலுக்காக வராத கோபம். "நாளைக்கு வேற ஒருத்தர் அந்தப் பள்ளத்துல இறங்குவாங்க. போங்க. திருத்திட்டு அப்புறம் வாங்க" என்று டிவியை அணைத்துவிட்டார்.

மறுநாள் கசிவுப் பிரிவில் கம்பியைக் கடன் வாங்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறை. கம்பியை ஊன்றிக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அவருக்கு போன் செய்து, மூடியின் மேல் போனை வைத்துப் பிடித்தேன். தெருவே என்னை வேடிக்கை பார்த்தது. "இன்னும் வலப்பக்கம்... இன்னும்... சைக்கிள்காரரைப் போகச் சொல்லுங்க... இப்ப ஒரு அடி முன்னால... நில்லுங்க. அங்கதான்." நான் போட்ட கோட்டிலிருந்து எட்டடி தள்ளி நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலமே தாளைத் திருத்தினேன். அடுத்த சனிக்கிழமை போனபோது அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அடுத்த தெரு எது?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான். இரண்டு ஆண்டுகளில், நான் தெருவில் நிற்க, அவர் வீட்டிலிருந்து கேட்க, முப்பத்தொரு கோடுகளைத் திருத்தினோம். வேலை முடிந்த பிறகுதான் மாய உலகத்துக்குப் போவோம். இரண்டு இடத்திலும் அவர் ஒரே மாதிரிதான் இருந்தார். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை.

இன்று காலை அவருடைய தங்கையிடம் நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அக்கா அப்பவே சொல்லிட்டாங்க. நீங்களே ஒரு நாள் வந்து சொல்வீங்கன்னும் சொன்னாங்க" என்றார்.

தோழர்களே, காதக்காவுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? படம் திறப்பதா? ஒரு அறைக்கு அவர் பெயர் வைப்பதா? செய்யலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் அலமாரியில் இன்னும் நானூறுக்கு மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை கோடுகள் யாரும் நடந்து பார்க்காமல் போடப்பட்டவை? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நடந்தால்தான் தெரியும்.

வரைபடப் பிரிவின் ஒன்பது பேரும் கூடி முடிவு செய்திருக்கிறோம். தெருவில் நடக்காமல் இனி ஒரு கோடும் போட மாட்டோம். போட்ட கோடுகளையும் ஒவ்வொன்றாக நடந்து பார்ப்போம். கசிவுப் பிரிவிலிருந்து கேட்கும் காது உள்ளவர்கள் எங்களோடு வர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

நாளை காலை ஏழு மணிக்கு மூன்றாம் எண் பம்ப் நிலைய வாசலிலிருந்து கிளம்புகிறோம். அங்கே சேறு அதிகம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.