ஏரிக்கரை மாதாவுக்கு ஒரு நேர்த்தி

பயணத்துக்கு இடம் பார்த்துக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி. சுவிஸில், இந்த லாங்கன்தாலில் எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால், எந்தப் பனிமலைக்குக் கூட்டிப்போவது, எங்கே இறங்கிப் புட்டுப் பார்சலைப் பிரிப்பது என்று கேட்டு எனக்குத்தான் அழைப்பு வரும். றஞ்சினி அக்கா சொன்னால் மழை பெய்யாது என்று பகிடி விடுவார்கள்.

என் மொழியிலேயே எழுதித்தரலாம் என்று நீங்கள் சொன்னபடியால் ஆறுதலாக எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் எதையும் எனக்காக மென்மையாக்க வேண்டாம்.

எனக்கு ஒரே பிள்ளை, லேயா. தகப்பன் எமிலியானுஸ் அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். தொழிற்சாலையில் மாறி மாறி வேலை செய்து அவளை வளர்த்தேன். எங்களுக்குள் ஒளிவுமறைவு இருந்ததில்லை. யூட்டை விரும்புகிறாள் என்பதைக்கூட என் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டுதான் சொன்னாள். பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பொடியன், மன்னார்ப் பக்கம், எங்களைப்போல மாதாவைக் கும்பிடும் வேதக்காரர். நான் மறுக்கவில்லை.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவனுடைய தாய் பத்மினி சம்மந்தம் பேச வந்தபோது, தேத்தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"குறை நினைக்காதேங்கோ. பொடியனுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?"

"ஐயோ, ஒண்டுமில்லை அக்கா. மடு மாதா சத்தியமா."

மாதாவின் பெயரைச் சொன்னபிறகு நான் என்ன கேட்பது?

கலியாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன் என் தம்பி குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்தது. வழக்கம்போல ரிட்லிஸ் மலைக்குப் போனோம். யூட் கீழே நின்றுவிடப் பார்த்தான்.

"எனக்கு உயரம் எண்டால் தலை சுத்தும், மாமி. நான் இதில நிண்டு கோப்பி குடிக்கிறன்."

"சுவிஸ் மாப்பிள்ளைக்கு மலை ஏலாதாம். வன்னியிலயிருந்து ஒரு யானையைக் கொண்டந்து ஏத்துவமோ?" என்று என் தம்பி கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். யூட்டும் சிரித்துக்கொண்டு கேபிள் காரில் ஏறினான்.

இடை நிலையத்தில் அவனைக் காணவில்லை. தேடிப்போனேன். ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். உதடு நாவல்பழம் தின்றவன்போல இருந்தது. அவசரமாக ஒரு குளிசையை விழுங்கினான். நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

பிறகு எல்லாம் தானாகத் தெரியவந்தது. பேர்ணில் யூட் வீட்டாருக்குப் பழக்கமான ஒருத்தி, நான் ஏற்கெனவே அறிந்தவள் என்று நினைத்துச் சொன்னாள். குழந்தையில் நெஞ்சில் ஓட்டை இருந்ததாம். சண்டைக்காலத்தில் வைத்தியம் பிந்திவிட்டதாம். ஓட்டையை அடைத்தும் நுரையீரலில் அழுத்தம் மிச்சமாம். குளிசையோடு நெடுங்காலம் இருக்கலாம், உயரம் மட்டும் ஆகாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம்.

வருத்தம் யாருக்கும் வரலாம். அதற்காக நான் கோபப்படவில்லை. என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மாதாவின் பெயரால் என்னை மடைச்சியாக்கினார்களே, அதற்குத்தான். அந்தக் கோபம் வேலைக்குப் போகும்போது கூடவே வந்தது. பலகாரம் சுடும்போது பக்கத்தில் நின்றது. கலியாணப் பத்திரிகைக்கு நிறம் தெரிவுசெய்தபோதும் இருந்தது. ஆனாலும் நான் யாரையும் திட்டவில்லை.

தேனிலவுக்குத் தென்னமெரிக்கா போக லேயாவுக்கு ஆசை. பொலிவியாவைச் சொன்னாள். ஒரு நாட்டுக்குள்ளே நாலைந்து நாடு இருக்கிற மாதிரி. ஒரு பக்கம் பெருங்காடு, ஆறு, படகு. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை உப்பு. இன்னொரு பக்கம் வானத்தைத் தொடும் ஊர்கள். அவள் தெரிவுசெய்த இடங்கள் எல்லாம் தாழ்நிலத்தில் இருந்தன. காடு, ஆறு, மரத்தால் கட்டிய பழைய தேவாலயங்கள். நல்ல தெரிவு. நான் ஒரே ஒரு இடத்தைச் சேர்த்தேன்.

கலியாண மண்டபத்தில் ஒலிவாங்கியை வாங்கி எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பயணம் என்னுடைய பரிசு. பொலிவியாவில் மலை உச்சியில் ஓர் ஏரி இருக்கிறது, அதன் கரையில் மாதா இருக்கிறா, பிள்ளைகள் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள் என்று நான் நேர்த்தி வைத்திருக்கிறேன். சனம் கைதட்டியது. பத்மினியின் முகம் மாவு பூசினதுபோல ஆனது. அவள் வாயைத் திறந்திருக்கலாம். அவனும் திறந்திருக்கலாம். தாய் வைத்த நேர்த்தியை மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"முதல் காட்டுப் பக்கம் பாத்திட்டு, கடைசியா மாதாவிட்டைப் போறம் அம்மா," என்றாள் லேயா. கடைசியில் போகமாட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது.

அதனால் அந்த நாட்டின் மலைநகரான லா பாஸ் வழியாகச் சீட்டு எடுத்தேன். அங்கே விமான நிலையமே ரிட்லிஸ் உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது.

"வேற வழி இல்லையோ மாமி?" என்று யூட் கேட்டான்.

"ரெண்டு மணித்தியாலம்தானே தம்பி. ஒண்டால இறங்கி மற்றதில ஏறுறது. ஏன், உமக்கு ஏதும் ஏலாதோ?"

உண்மையைச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"சீச்சீ. சமாளிக்கலாம் மாமி."

அவர்கள் வானத்தில் இருக்கும்போது முகவருக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த விமானத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தேன். பதிவு என் பெயரில் இருந்தது. பிள்ளைகள் மாதாவிடம் போக விரும்புகிறார்கள் என்றேன். நல்ல தாய் என்று அவர் சொன்னார்.

அடுத்த நாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் லேயா எடுத்தாள். அங்கே இன்னும் விடியவில்லை.

"அம்மா, பிளேனை ஆரோ மாத்திப்போட்டினம். நாளையிண்டைக்குத்தானாம்."

"மாதா கூப்பிடுறா போல. போயிட்டு வாங்கோவன்."

"அம்மா, அவருக்கு ஏலாது. நெஞ்சில வருத்தம், சின்னனிலயிருந்து. மூச்சு எடுக்கக் கஷ்டப்படுறார். எயார்போர்ட்டில இவைக்கு நான் சொல்லுறது விளங்கேல்லை. காப்புறுதியின்ர அவசர நம்பரைத் தாங்கோ, கெதியா."

எல்லா ஆயத்தத்தையும் நானே செய்தபடியால் அந்த இலக்கம் அவளிடம் இல்லை. என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. நான் அதற்கு முன்னால்தான் நின்றேன்.

"உனக்கு எப்ப தொடக்கம் தெரியும், பிள்ளை?"

"அம்மா, நம்பர்."

"எப்ப தொடக்கம் எண்டு கேட்டனான்."

அவள் அழுதாள், கெஞ்சினாள், பிறகு யாரையோ கூப்பிட்டுக் கத்தினாள். நான் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஒக்சிசனோடு ஆட்கள் ஓடிவந்தபோது பிந்திவிட்டது என்று பின்னர் அறிந்தேன். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

யூட்டைக் கொன்றது நான்தான். குறித்துக்கொள்ளுங்கள். பொய்யர்களிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று விசாரணையின் முதல்நாள் உங்களுக்குச் சொன்னேன். அதையும் அப்படியே வைத்திருங்கள், அது உண்மை. லேயா இப்போது பத்மினியோடு இருக்கிறாள், என்னைப் பார்க்க வருவதில்லை. கோபம் ஆறினால் வருவாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அன்றைக்கு ரிட்லிஸில், அந்தத் தூணுக்குப் பின்னால், அவனுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டிய கையில் நான் செய்வித்துப் போட்ட காப்பு இருந்தது.

"பயப்பிடாதேங்கோ, அம்மா காணேல்லை," என்றாள் என் பிள்ளை. "அவாக்கு என்னத்தைச் சொன்னாலும் நம்புவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, உலகத்தில் எந்தெந்த ஊர்கள் உயரத்தில் இருக்கின்றன என்று தேடத் தொடங்கினேன்.